மூன்று மில்லி வெளிச்சம்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் செயின் அதே வளைவில் கழன்று விழுந்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் கார்ட்டின் பின்பக்கம் போய்க் குந்திக்கொண்டான். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நடந்துபோய் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்துக் கொட்டகையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது செயினோடு போகிற விவகாரம் இல்லை என்று.

எனக்கு டயர் வேலை. வாரநாளில் தெருமுனையில் பஞ்சர் கடை, ஞாயிற்றுக்கிழமையில் பந்தயத் திடலில் கோ கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டிகளுக்கு டயர் மாற்றுவேன். என் கடைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். கீழே அவனுடைய லேத் பட்டறை, மேலே வீடு. சுவர் வழியாக எல்லாம் கேட்கும். கேட்காத மாதிரி இருக்க எனக்கு வராது. அது என் பிறவிக் குணம், என்ன செய்ய.

அவனை நாங்கள் அரைமில்லி என்று கூப்பிடுவோம். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, “அரை மில்லி இடிக்குதே” என்பான். கட்டில் கால் ஆடினாலும் அரை மில்லி, தோசைக்கரண்டி வளைந்தாலும் அரை மில்லி. அவன் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவளுடைய அண்ணன் வெல்டர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், வாய் மட்டும் இந்தத் தெருவிலேயே இருக்கும்.

ஐஸ் கம்பெனி முதலாளிக்கு கார்ட் பந்தயத்தில் ஒரு பைத்தியம். அவர் ஒருநாள் ஒரு முட்டுச்சந்தில், தங்கச்சி வேனைப் பின்னாலேயே எடுத்து, இரண்டு பக்கமும் ஒரு விரல்கூட உரசாமல் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டார். “நீங்க என் வண்டிய ஓட்டிப் பாருங்கம்மா” என்றார். ஓட்டினாள். போன வருஷம் இருபது வண்டியில் ஐந்தாவதாக வந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் வேனை ஓட்டிய விதத்தில் பிள்ளைகளே ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒன்று கிடைத்தது என்றால் அந்த இருக்கைதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிற, முதுகைப் பிடுங்கும், வெயிலில் காய்கிற அந்தப் பிளாஸ்டிக் இருக்கை.

இந்த வருஷம் மூன்று ஞாயிறு போய்விட்டது, ஒன்றில்கூட வண்டி கோட்டைத் தொடவில்லை. முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு ஓர் அக்கா இருக்கிறாள், அந்த அக்காவுக்கு மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு மகன் இருக்கிறான், அந்த மகனுக்கும் கார்ட் ஓட்டத் தெரியும். “அடுத்த ஞாயிறு தகுதிச் சுற்று. முதல் பன்னிரண்டு பேருக்குத்தான் இந்த வருஷம் இடம். நீங்க அதுல வந்துட்டீங்கன்னா நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வரலேன்னா, என் அக்காவ நீங்க பாத்ததில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். இது அந்த மூன்றாவது ஞாயிறு.

ஏன் கழல்கிறது என்பதில்தான் வீடு இரண்டானது. இந்தக் கார்ட்டில் கிளட்சுக்கு மிதி கிடையாது. இன்ஜின் தண்டின் நுனியில் அது உட்கார்ந்திருக்கும். இன்ஜின் வேகம் ஏறினால் உள்ளே இருக்கிற கட்டைகள் தானாக விரிந்து உறையைப் பிடித்துக்கொள்ளும். உறையில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதிலிருந்து செயின் போய்ப் பின் அச்சில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலுக்கு வேலை இரண்டே: வலது கால் ஆக்சிலேட்டர், இடது கால் பிரேக். கிளட்சை மாட்டி நேர் பார்த்தது அவன் கை. ஓட்டியது அவள் கால். கையா காலா என்று மூன்று வாரமாகச் சண்டை.

சனிக்கிழமை மத்தியானம் புது கிளட்ச் மாட்டினான். நான் கடையைப் பாதி இழுத்துவிட்டு அங்கே போய் நின்றுகொண்டேன். கூப்பிட்டுத்தான் போனேன் என்று சொல்லமாட்டேன். கார்ட் இரண்டு மரப்பெட்டி மேல் ஏறி நின்றது. பட்டறையில் பகலிலேயே இருட்டு. இரும்புத்தூள் வாசனை. காற்று இல்லை, மழை வரும்போல் ஒரு புழுக்கம்.

“மச்சான், விளக்க இந்தப் பக்கம் திருப்பு” என்றான் அரைமில்லி.

“திருப்பிட்டேன் மாப்ள. இதுக்கு மேல திருப்புனா உன் மண்டைக்குள்ள இருக்கறதுதான் தெரியும்” என்றான் வெல்டர்.

“தெரிஞ்சா நல்லதுதானே.”

“அங்க ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சு போச்சுன்னா?”

அரைமில்லி சிரிக்கவில்லை. தண்டை உப்புக்காகிதத்தால் தேய்த்துத் துணியால் துடைத்தான். தண்டில் இருக்கும் பள்ளத்தில் கீ என்கிற அந்தச் சின்ன இரும்புத் துண்டை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, நகத்தால் தடவிப் பார்த்தான். முதலில் ஒரு வளையம் போட்டான். பிறகு கிளட்சின் நடுத்துளையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். கட்டைகள் மேல் ஒரு துளி பட்டாலும் வழுக்கும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டான். கிளட்ச் தண்டில் ஏறியது. தட்டவில்லை, இடிக்கவில்லை, தானாகப் போய் உட்கார்ந்தது. வாஷர், போல்ட். உறையை விரலால் சுண்டினான், சுற்றிக்கொண்டே இருந்தது. வேலை தெரிந்தவன் வேலை செய்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் இப்போதும் மறுக்கமாட்டேன்.

கடைசியில் இரும்பு ஸ்கேலை எடுத்தான். பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தின் முகத்தில் அதைப் படிய வைத்து, மறுமுனையை கிளட்சுக்குக் கொண்டுவந்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

“பாருங்கண்ணே. முடி நுழையாது.”

பார்த்தேன். நுழையாதுதான். கிளட்ச் பல்லும் ஸ்கேலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

தங்கச்சி மேலேயிருந்து டீ கொண்டுவந்தாள். எனக்கும் அண்ணனுக்கும் கையில் கொடுத்தாள். அவனுடையதை லேத் மேல் வைத்தாள்.

“காட்டுங்க” என்றாள்.

“என்னத்தக் காட்டறது? ஸ்கேல் வச்சிருக்கேன், வந்து பாத்துக்கோ.”

“போன வாரமும் ஸ்கேல் வச்சீங்க. அதுக்கு முந்தின வாரமும் வச்சீங்க.”

“ஸ்கேல் பொய் சொல்லாது.”

“அப்ப நான் சொல்றேனா?”

அவன் எழுந்து போய்ப் பழைய கிளட்சின் உறையைக் கொண்டுவந்து விளக்குக்கு நேராகப் பிடித்தான். “இது என்ன நெறம்?”

“நீலம்.”

“புதுசா வந்தப்ப?”

“வெள்ளை. இதெல்லாம் என்ன, எனக்குப் பரீட்சையா?”

“இரும்பு நீலமாச்சுன்னா சூடு ஏறியிருக்குன்னு அர்த்தம். ஒரு கால் ஆக்சிலேட்டர்ல, ஒரு கால் பிரேக்ல. ரெண்டையும் ஒண்ணா மிதிச்சா கிளட்ச் பிடிக்கவும் முடியாம விடவும் முடியாம வேகும். அப்புறம் சடார்னு பிடிக்கும், செயின் தெறிக்கும். நான் சொல்லல, உறை சொல்லுது.”

“நான் ரெண்டையும் ஒண்ணா மிதிக்கல.”

“உனக்குத் தெரியாம மிதிக்கற.”

“பதினோரு வருஷமா முப்பது புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன். என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“அதத்தான் நானும் சொல்றேன்! பதினோரு வருஷமா உன் இடது கால் வேன் கிளட்ச் மேலயே கெடக்கு. இங்க இடது பக்கம் இருக்கறது பிரேக்கு. கால் பழக்கத்துல போய் உக்காந்துக்குது. அதுக்கு உன்னைக் கேக்கணும்னு இல்ல.”

“ஆமாமா, அதுக்குத் தனியா ரேஷன் கார்டு இருக்கு” என்றான் வெல்டர்.

“நீ சும்மா இருண்ணா!” என்றாள். “நாளைக்கு வண்டி நின்னா அந்த மருந்துக்கடைக்காரன் ஏறி உக்காந்துக்குவான். உங்களுக்கெல்லாம் விளையாட்டா இருக்கு.”

“எனக்கா விளையாட்டு?” என்றான் அரைமில்லி. “ராப்பகலா இதுலதான கெடக்கறேன்? வேற யாராவது இத்தன தடவ கழட்டி மாட்டுவானா?”

“கழட்டி மாட்டறீங்க. சரி. ஒரு தடவையாவது, நம்ம மேல தப்பு இருக்குமோன்னு நெனச்சீங்களா?”

அவன் ஸ்கேலைத் துடைத்து அதன் தோலுறையில் செருகினான். அந்தச் செய்கை எனக்கே எரிச்சலாக இருந்தது.

சாப்பிட மேலே கூப்பிட்டார்கள். சோறும் முட்டையும், ஆளுக்கொரு வெள்ளரிக்காய்த் துண்டு. நான் கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். மேஜைக்கு அடியில் தங்கச்சி தன் இடது காலை நாற்காலிக்கு அடியில் பின்னால் இழுத்து, நாற்காலியின் காலோடு பின்னிப் பிடித்து வைத்திருந்தாள். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் பழகிக்கொண்டிருக்கிறாள். ஸ்பூனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, வெள்ளரிக்காய் நன்றாக இருக்கிறது என்றேன்.

இறங்கும்போது படிக்கட்டில் பின்னாலேயே வந்தாள்.

“அண்ணே, நீங்க மூணாவது வளைவுக்கு நேரா உக்காந்திருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க. என் கால்தான் தப்பா?”

“எனக்கு டயர் தெரியும் தங்கச்சி. காலப் பத்தி எனக்கென்ன தெரியும்?” என்றேன்.

வேண்டாத இடத்திலெல்லாம் வாயைத் திறக்கிறவன் நான். கேட்ட இடத்தில் மூடிக்கொண்டேன். அவள் திரும்பி மேலே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல். பிறகு வெயில், பிறகு திரும்பவும் தூறல். திடலில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மழை டயர் போடு என்பார்கள், போட்டு முடித்தால் கழற்று என்பார்கள். என் முதுகு அன்றைக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பயிற்சி ஓட்டத்தில் தங்கச்சி மூன்று சுற்று போனாள். ஈரத்தில் யாரும் வேகமாகப் போகவில்லை, செயினும் கழலவில்லை. ஆனால் ஒரு கிறீச் சத்தம் கூடவே வந்தது. அரைமில்லி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “புது செயின் அப்படித்தான்” என்றான்.

பிறகு வெயில் அடித்தது. ஓட்டுகிறவர்களை எல்லாம் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், தங்கச்சி போனாள். வெல்டர் டீ வாங்கப் போனான். நான் காய்ந்த தரைக்கான டயரை மாட்ட கார்ட்டின் பின்னால் போய் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அரைமில்லிக்கு மனசு கேட்கவில்லை, வழக்கம்போலத் திரும்ப ஒரு தடவை ஸ்கேலை வைத்தான். அவன் முன்னால் கிளட்ச் பக்கம் குனிந்திருந்தான். நான் பின்னால், பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில், வெயிலுக்கு எதிரே இருந்தேன்.

ஸ்கேலுக்கும் சக்கரத்தின் பல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஸ்கேல் சக்கரத்தின் நடுமுகத்தில் நன்றாகப் படிந்திருந்தது. ஆனால் பல் வரிசை அந்த முகத்துக்கு உள்ளே தள்ளி இருந்தது. செயினைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத் தகடுகள் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தன. மறுபக்கத்தில் கடையில் வாங்கிய கறுப்பு அப்படியே இருந்தது.

“அரைமில்லி, இங்க வா.”

“இருங்கண்ணே.”

“இங்க வாடான்னா!”

வந்தான். என் இடத்தில் முட்டி போட்டான். பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன்.

அந்தப் பெரிய சக்கரம் அவனே கடைந்தது. ஏழு மில்லி தகடுதான் கிடைத்தது, செயினுக்குள் போக நாலு மில்லி போதும். அதனால் விளிம்பை மட்டும் ஒரு பக்கமிருந்து மூன்று மில்லி சீவிப் பல் வெட்டினான். ஒரு பக்கம் பார்த்தால் முகமும் பல்லும் ஒரே மட்டம். மறுபக்கம் பார்த்தால் படி. முதலில் மட்டமான பக்கம் வெளியே இருந்தது. அவன் பட்டறையில் எதையும் ஒரு வாழ்க்கையோடு விடமாட்டான். தேய்ந்த ரம்பத்தைப் புரட்டிப் போடுவான், மிதியடியைப் புரட்டிப் போடுவான், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவான். பல் ஒரு பக்கம் தேய்ந்தால் சக்கரத்தைக் கழற்றிப் புரட்டி மாட்டுவது அவனுக்குக் கை கழுவுகிற மாதிரி.

“பந்தயம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் புரட்டிப் போட்டேன்ணே” என்றான். “படி வெளிய வந்திருச்சு. நான் முகத்துல ஸ்கேல வச்சு வச்சுப் பாத்துக்கிட்டிருந்திருக்கேன். பல்லப் பாக்கவே இல்ல. மூணு மில்லி.”

“மூணு மில்லிக்கா செயின் தெறிக்குது?”

“முழு வேகத்துல தெறிக்காம? கோணலா இழுத்து இழுத்து கிளட்ச் பிடிக்க முடியாம வெந்திருக்கு. அந்த நீலம் அதுதான்ணே. அவ கால் இல்ல.”

அப்படியே உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். இல்லை, பேய் பிடித்தவன்போல எழுந்தான். செயினின் கிளிப்பைக் கழற்றினான், போல்ட்டை உருவினான், கிளட்சை இழுத்தான். பின்னால் இருந்த வளையம் மூன்று மில்லிக்குச் சரியாக இருந்தது, அதை எடுத்து முன்னால் போட்டான். கிளட்ச் அந்த மூன்று மில்லி உள்ளே போனது. அவசரத்தில் கீ மண்ணில் விழுந்தது. நான் தேடி எடுத்துச் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை ஸ்கேலை ஓரமாகப் பல்லிலேயே வைத்தான். செயினை மாட்டி விரலால் அமுக்கிப் பார்த்தான், அரை அங்குலம் ஆடியது. சக்கரத்தைச் சுற்றினான். கிறீச் இல்லை. எண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. மொத்தமாகப் பத்து நிமிஷம். மூன்று வாரச் சண்டைக்குப் பத்து நிமிஷம்.

“அண்ணே” என்றான், என் கையைப் பிடித்துக்கொண்டு. “இப்பச் சொல்ல வேணாம். ஏறப்போற நேரம். கோபத்துல ஓட்டுனா எங்கயாவது மோதிக்குவா. ஓடி முடிச்சு வரட்டும், நானே சொல்றேன். சத்தியமா நானே சொல்றேன்.”

அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. இல்லை, பொய் சொல்கிறேன். எனக்கு வம்பு வேண்டாம் என்று பட்டது. தலையை ஆட்டினேன்.

தங்கச்சி வந்தாள். தரையில் கிடந்த ஸ்பேனர்களைப் பார்த்தாள்.

“என்னாச்சு? ஏன் கழட்டுனீங்க?”

“ஒண்ணுமில்ல. செயின் கொஞ்சம் தொய்வா இருந்துச்சு. இறுக்குனேன்.”

“கிளட்ச்?”

“கிளட்சுக்கு ஒண்ணுமில்ல, நல்லாருக்கு.” அவன் அவள் ஹெல்மெட் வாரைச் சரி செய்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனுக்கும் பதட்டம், பழகிய வாய். “நீ கால மட்டும் பாத்துக்க.”

அவள் சரி என்று தலையசைத்தாள். எதிர்த்துப் பேசவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்துச் சுற்று. இருபது வண்டி. எட்டாவதாகக் கிளம்பினாள். முதல் சுற்றில் கூட்டத்தோடு கூட்டமாக என்னைக் கடந்துபோனாள். நான் செயினைத்தான் பார்த்தேன். அரைமில்லியும் செயினைத்தான் பார்த்தான். மூன்றாவது வளைவில் அது கெட்டியாக உட்கார்ந்திருந்தது. “பிடிச்சுக்கிச்சுண்ணே!” என்று என் தோளில் அடித்தான். இரண்டாவது சுற்றில் ஒன்பதாவது. மூன்றாவதில் பத்தாவது.

“என்னடா இவ, வளைவு வர்றதுக்கு ஒரு மைல் முன்னாடியே அடங்கிப் போறா” என்றான் வெல்டர். கையில் நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்தான், சுற்றுக்குச் சுற்று அழுத்திக்கொண்டிருந்தான். “நாப்பத்தி நாலு செகண்டு. இந்நேரம் நாப்பத்தி மூணுக்குள்ள வந்திருக்கணுமே.”

நான்காவது சுற்றில் நான் செயினை விட்டுவிட்டு அவள் காலைப் பார்த்தேன். இடது கால் பிரேக்கில் இல்லை. முட்டியை மடக்கி, இருக்கையின் முன்விளிம்பு வரை பின்னால் இழுத்து வைத்திருந்தாள். வளைவு வரும்போது அதைத் தூக்கிக் கொண்டுபோய் மிதித்து, திரும்பவும் பின்னால் இழுத்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போகிற நேரத்துக்காக முன்கூட்டியே வலது காலையும் விட்டாள். மற்றவர்கள் வளைவுக்குள் நுழைந்த பிறகு மிதிக்கிறார்கள். இவள் வளைவு கண்ணில் பட்டதும் மிதிக்கிறாள்.

“அரைமில்லி, காலப் பாரு” என்றேன்.

பார்த்தான். வேலிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். “ஐயோ” என்றான். “கால எடுத்துட்டாண்ணே. நான் சொன்னேன்னு எடுத்துட்டா.” பிறகு, “மிதி! மிதிடி! ஒண்ணும் ஆகாது, மிதி!” என்று கத்தினான். இருபது இன்ஜின் சத்தத்தில் யார் காதில் விழும்? வேலியை ஒட்டி ஓடினான், கையைக் காட்டிக் காட்டி ஓடினான். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், செயின் கழலப்போகிறது என்று சொல்கிறானோ என்று பயந்திருப்பாள். இன்னும் மெதுவானாள்.

ஏழாவது சுற்றில் பதினொன்று. ஒன்பதாவதில் பன்னிரண்டு. கடைசிச் சுற்றில், கோட்டுக்கு முந்தின வளைவில், அவள் காலைத் தேடிக்கொண்டுபோன நேரத்தில் பச்சை வண்டிக்காரன் ஒருவன் உள்பக்கமாக நுழைந்து போய்விட்டான். ஒரு கார்ட் நீளம்கூட இல்லை. பதின்மூன்றாவது.

கார்ட்டைத் தள்ளிக்கொண்டு வரும்போது அழுதுகொண்டுதான் வந்தாள். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக அவனிடம் போனாள்.

“நீங்க சொன்னதுதாங்க சரி” என்றாள். மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டாள். “கால எடுத்து வச்சிக்கிட்டேன், பத்துச் சுத்தும் செயின் அசையல. என் கால்தான். இது தெரியாம மூணு வாரமா உங்களப் போட்டுப் படுத்தியெடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க.”

வெல்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தான். ஐஸ் முதலாளியும் வந்துவிட்டார், அவர் பின்னால் மருந்துக்கடைக்காரன், கையில் ஹெல்மெட்டோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல். “பரவால்லம்மா, ஒரு நூல்ல போச்சு. என்ன பண்றது. இந்த வருஷம் இவன் இந்த வண்டிய வேற திடல்ல ஓட்டிப் பாக்கட்டும்” என்றார் முதலாளி. தங்கச்சி, “சரிங்க சார்” என்றாள். அவ்வளவு பணிவாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அரைமில்லி சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னான். அதை அவன் பேரில் எழுதிக்கொள்ள வேண்டும்.

“கால் இல்ல” என்றான். “சக்கரம். நான் புரட்டிப் போட்டதுல பல்லு மூணு மில்லி உள்ள போயிருச்சு. ஸ்கேல தப்பான எடத்துல வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். உன் கால்ல ஒரு தப்பும் இல்ல. எப்பவும் இல்ல.”

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கார்ட்டைப் பார்த்தாள், கிளட்சைப் பார்த்தாள், முன்னால் வந்திருந்த வளையத்தைப் பார்த்தாள்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“நீ கூட்டத்துக்குப் போயிருந்தப்ப.”

“நான் ஏறுறதுக்கு முன்னாடி.”

“ஆமா.”

“தெரிஞ்சப்புறமும் காலப் பாத்துக்கன்னு சொன்ன.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, உங்களுக்கும் தெரியுமா?”

“தெரியும் தங்கச்சி” என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முதலாளியிடம் போய், “சார், இப்ப சாப்பாட்டு நேரம், திடல் காலியாத்தான் இருக்கு. எனக்கு ரெண்டு சுத்து குடுங்க. எந்தக் கணக்குலயும் சேக்க வேணாம்” என்றாள்.

“ஓட்டுங்கம்மா. உங்க வண்டிதானே” என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகி வேறு பக்கம் பார்த்தார்.

முதல் சுற்று டயரைச் சூடாக்க. இரண்டாவது சுற்றில் வெல்டர் கடிகாரத்தை அழுத்திவிட்டு அதை மாப்பிள்ளை கையில் திணித்தான். காலித் திடலில் ஒற்றை இன்ஜின் சத்தம். மூன்றாவது வளைவுக்கு வந்தாள். இடது கால் பிரேக் மேல் லேசாகப் படுத்திருந்தது, அது இருக்க வேண்டிய இடத்தில். இதோ மிதிப்பாள், இதோ மிதிப்பாள் என்று நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மிதிக்கவில்லை. வேலியில் வந்து விழப்போகிறாள் என்று நான் ஒரு எட்டுப் பின்னால் வைத்த பிறகு, ஒரே ஒரு தட்டு. வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு பறந்தது. செயின் அசையவில்லை.

நிறுத்திவிட்டு இறங்கினாள். அரைமில்லி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். “நாப்பத்தி ரெண்டு புள்ளி ஒண்ணு” என்றான். “இன்னிக்கி ஜெயிச்சவனே நாப்பத்தி ரெண்டரைதான்.”

அவள் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றினாள். தள்ளி நின்ற மருந்துக்கடைக்காரனை விரலால் கூப்பிட்டாள். பாவம், அவன் திட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று தயங்கித் தயங்கி வந்தான்.

“உக்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் குந்தி, அவனுக்குத் தோதாக இருக்கையை ஒரு துளை முன்னால் தள்ளி மாட்டினாள். இடது காலைப் பிரேக் மேல் எடுத்து வைக்கச் சொன்னாள்.

“வண்டி இப்ப நல்லாருக்கு. செயின் நிக்கும், பயப்படாதீங்க. மூணாவது வளைவுல அந்தப் பழைய டயர் அடுக்கு தெரியுதுல்ல, அது வர்ற வரைக்கும் மிதிக்கக் கூடாது. ஆனா கால் இங்கயே இருக்கணும்.” அவன் பாதத்தைக் கையால் அழுத்திக் காட்டினாள். அரைமில்லி ஓர் அடி தள்ளித்தான் நின்றான், கையில் கடிகாரம் நாற்பத்தி இரண்டிலேயே நின்றிருந்தது. “வீட்டு ஆளே வந்து சொன்னாலும் இங்கேர்ந்து எடுத்துடாதீங்க.”